கொக்குவில் ரவுட்டரை ரொறன்ரோவில் இருந்து திறக்கலாமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தூரத்தில் இருந்துகொண்டு வைஃபை ரவுட்டருக்குள் போய் செற்றிங் பார்ப்பது எப்படி? நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோன பிள்ளைகளின் வேலை இது என்று நினைக்கிறேன். வந்த கையோடு வீட்டில் புது ரவுட்டர் பூட்டிவிட்டு விமானம் ஏறியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பிரிண்டர், கிராபிக்ஸ் கார்ட் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பிரிண்டர்க்காரர்கள் கோபிக்கவேண்டாம், அடுத்த மாதம் உங்கள் முறை.

கேள்வி: கொக்குவிலில் அப்பாவும் அம்மாவும் தனிய இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. வைஃபை நின்றால் நேரம் காலம் பார்க்காமல் எனக்குத்தான் போன் வரும். போன மாதம் வந்திருந்தபோது ரவுட்டரில் 'ரிமோட் மனேஜ்மென்ட்' என்று இருந்ததை ஒன் பண்ணிவிட்டு வந்தேன். அங்கே நிற்கும்போது 192.168.1.1 என்று அடித்தால் ரவுட்டரின் பக்கம் வந்தது. இங்கே வந்து அதையே அடித்தால் என்னுடைய வீட்டு ரவுட்டர்தான் வருகிறது. எங்கே பிழைவிட்டேன்? — வாசகர், ரொறன்ரோ

பதில்: தம்பி, 192.168.1.1 என்பது 'கிணற்றடி' என்று சொல்வது மாதிரி. கொக்குவில் வீட்டில் நின்று 'கிணற்றடிக்கு வா' என்றால் அந்த வீட்டுக் கிணற்றடி. கோண்டாவிலில் நின்று சொன்னால் அந்த வீட்டினுடையது. 192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள்ளேயும் கந்தோருக்குள்ளேயும் பாவிப்பதற்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 10 என்று தொடங்குவனவும் 172.16 முதல் 172.31 வரை உள்ளனவும் அப்படித்தான். இந்த எண்கள் வெளி இணையத்தில் எங்கேயும் போகாது. ரொறன்ரோவில் அதை அடித்தால் ரொறன்ரோக் கிணற்றடிதான் வரும்.

வெளியில் இருந்து வருவதற்கு ரவுட்டரின் வெளி முகவரி வேண்டும். ரவுட்டருக்குள் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்று ஓர் எண் இருக்கும். (வான் என்றதும் மேலே பார்க்கவேண்டாம், ஓடுகிற வானும் இல்லை. WAN, அதாவது வெளி வலையமைப்பு.) அப்பாவிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்து 'என் ஐ.பி. என்ன' என்று கூகிளில் தேடி, அதையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்கு நேரடி முகவரி இருக்கிறது என்று அர்த்தம். வேறுவேறாக இருந்தால், இணையம் தரும் நிறுவனம் பல வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறது. வான் எண் 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தொகுதியை 2012 இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இணைய முகவரி முறையான ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி எண்கள்தான். உலகத்தில் உள்ள போன்களுக்கே அது போதாது.

இப்படிப் பல வீடுகள் ஒரு படலைக்குப் பின்னால் இருந்தால், வெளியில் இருந்து தட்டுகிறவருக்கு எந்த வீட்டைத் தட்டுகிறோம் என்று சொல்ல வழியே இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் திறக்காது. சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் பெரும்பாலும் இதுதான் நிலை.

திறக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை இணையம் முழுவதற்கும் திறந்து வைப்பது, படலையைத் திறந்துவிட்டுத் திறப்பையும் அதில் தொங்கவிடுவதற்குச் சமம். 2016 இல் 'மிராய்' என்று ஒரு கிருமி வந்தது. பெரிய தந்திரம் ஒன்றும் அதனிடம் இல்லை. இணையத்தில் தட்டுப்படும் கமராவையும் ரவுட்டரையும் தட்டிப் பார்த்து, தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் பெயர், கடவுச்சொல் சோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அட்மின், அட்மின். ரூட், ரூட். அவ்வளவுதான். அப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து அந்த வருடம் ஒக்ரோபர் 21 ஆம் திகதி இணையத்தளப் பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடிக்கொடுக்கும் 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குப் பல மணித்தியாலம் திறக்கவில்லை. அடுத்த மாதமே அதன் இன்னொரு வகை ஜெர்மனியில் ஏறக்குறைய 9 லட்சம் வீடுகளின் இணைப்பைக் குழப்பியது. அது வந்து தட்டியது 7547 என்ற கதவில் (ஆங்கிலத்தில் 'போர்ட்', ஒரு முகவரிக்குள் போக இலக்கமிட்டு வைத்திருக்கும் வழிகளில் ஒன்று). நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் ரவுட்டரைத் தூரத்தில் இருந்து பராமரிப்பதற்கு வைத்திருக்கும் கதவு அது.

ஆகவே முதல் வேலையாக அந்த 'ரிமோட் மனேஜ்மென்ட்' செற்றிங்கை அப்பாவைக் கொண்டு ஓஃப் பண்ணுங்கள்.

பிறகு வழி இரண்டு. சுலபமானது, ரவுட்டர் தயாரித்தவரின் போன் செயலி. இதில் வெளியில் இருந்து யாரும் உள்ளே வருவதில்லை. ரவுட்டர் தானே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சேர்வரில் காத்துக்கொண்டு நிற்கும், உங்கள் போனும் அங்கேயே போகும், இரண்டும் அங்கே சந்திக்கும். ஒரு படலைக்குப் பின்னால் நூறு வீடு இருந்தாலும் இது வேலை செய்யும். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்க, வைஃபை பெயரை மாற்ற, திரும்பத் தொடக்கிவிட இது தாராளம். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: அந்தக் கணக்கின் கடவுச்சொல்தான் இனி வீட்டுத் திறப்பு. இரண்டாம் படி உறுதிப்படுத்தல் இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

இரண்டாவது வழி கொஞ்சம் வேலை, ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். வீட்டில் எப்போதும் ஒன்னில் கிடக்கும் சின்னக் கணினி ஒன்று வேண்டும். ராஸ்பெரி பை போதும், திரை உடைந்த பழைய லப்டொப்பும் போதும். அதில் 'டெயில்ஸ்கேல்' போடுங்கள், தூரத்தில் உள்ள கணினிகளை ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல இணைக்கும் மென்பொருள் அது. தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். உள்ளே ஓடுவது வயர்காட் என்ற வி.பி.என். (இணையத்துக்குள்ளே போடும் பூட்டிய தனிப்பாதை), 2020 இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட சாமான். இதுவும் உள்ளிருந்து வெளியே போய்த்தான் கைகோர்க்கும். கொக்குவில் கணினிக்கு 'இந்த வீட்டின் முழு வலையமைப்புக்கும் நீ வழிவிடு' என்று சொல்லிவைத்து, டெயில்ஸ்கேலின் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுத்தால், ரொறன்ரோவில் இருந்து ரவுட்டர், கமரா, பிரிண்டர் எல்லாமே தெரியும்.

இதில் ஆட்கள் வழமையாகத் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. உங்கள் ரொறன்ரோ வீடும் 192.168.1, கொக்குவில் வீடும் 192.168.1 என்றால், மறுபடி அந்தக் கிணற்றடிப் பிரச்சினைதான். உங்கள் கணினி பக்கத்தில் இருக்கும் ரவுட்டரையே தேடிப் போகும். கொக்குவில் வீட்டை 192.168.57 என்று யாரும் வைக்காத ஓர் எண்ணுக்கு மாற்றுங்கள். நான் வாடிக்கையாளர் வீடுகளுக்கு அவர்களின் வீட்டு இலக்கத்தையே வைத்துவிடுவேன், மறக்காது. அடுத்தது, டெயில்ஸ்கேலில் ஒரு கருவியின் அனுமதி சாதாரணமாக 180 நாளில் காலாவதியாகும். இது தெரியாமல் என் வாடிக்கையாளர் ஒருவர் ஆறு மாதம் கழித்து 'உங்கள் சாமான் செத்துப்போச்சு' என்று சண்டைக்கு வந்தார். கொக்குவில் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, டெயில்ஸ்கேல் கொடுக்கும் எண்ணும் 100 என்றுதான் தொடங்கும். மேலே சொன்ன 100 ஓடு போட்டுக் குழப்பவேண்டாம்.

கறண்டும் இருக்கிறது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் என் கடைக்கு வந்த ராஸ்பெரி பைகளில் பெரும்பாலானவற்றின் மெமரி கார்ட்தான் போயிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் நின்றால் கார்ட் அடிபடும். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் சேர்த்து ஒரு மினி யூ.பி.எஸ். வையுங்கள். லப்டொப் என்றால், கறண்ட் வந்தவுடன் தானாக ஒன் ஆகும் செற்றிங் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படைச் செற்றிங் பக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். அப்பா உங்களுக்குப் போன் எடுப்பது இணைப்பு நின்றுபோனால்தானே. இணைப்பே இல்லாதபோது தூரத்தில் இருந்து எந்த வழியாலும் உள்ளே போக ஏலாது. கொக்குவிலில் காலை 10 மணி என்றால் கோடை காலத்தில் உங்களுக்கு நள்ளிரவு 12.30. அந்த நேரத்து அழைப்புகளைக் குறைக்கவேண்டுமானால், ரவுட்டர் பிளக்கில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் 'நிப்பாட்டி, 30 எண்ணிப்போட்டு, போடவும்' என்று எழுதிவையுங்கள். பாதி அழைப்பு குறைந்துவிடும்.

கேள்வி: ரிமோட் மனேஜ்மென்ட் கதவு இலக்கத்தை 80 இல் இருந்து 48213 என்று மாற்றிவிட்டால் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்தானே? — பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: கண்டுபிடிப்பார்கள். மொத்தக் கதவுகளே 65,535 தான். 2013 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 'சீமாப்' என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரு கிகாபிட் இணைப்பும் ஒரு கணினியும் இருந்தால், உலகின் ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். உங்கள் ஒரு வீட்டின் 65,535 கதவையும் தட்ட எவ்வளவு நேரம் போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கணிதம் படிக்கிற பிள்ளைதானே.

கட்டாயம் திறந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், எச்டிடிபிஎஸ் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) மட்டும். சாதாரண எச்டிடிபியில் கடவுச்சொல் நடுவழியில் பார்க்கக்கூடிய வடிவிலேயே போகும். எதையும் பூட்டாமல் அனுப்பும் பழைய முறையான டெல்நெட் என்றால் நினைத்தும் பார்க்கவேண்டாம். அதோடு, 'எந்த முகவரியில் இருந்து வரலாம்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் உங்கள் கந்தோரின் நிலையான ஐ.பி.யை மட்டும் போடுங்கள். அந்தப் பெட்டியை வெறுமையாக விடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: நல்லூரில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். இரண்டு வருஷத்துக்கு முதல் ஒருவர் வந்து ரவுட்டரும் வைஃபையைப் பரப்பும் மூன்று அக்செஸ் பொயின்ட்டும் பூட்டினார். இப்போது அவரோடு காசுத் தகராறு. 'நான் வீட்டில் இருந்தே எல்லாத்தையும் நிப்பாட்டுவன்' என்கிறார். போன கிழமை உண்மையிலேயே இரண்டு மணித்தியாலம் நெட் இல்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், அப்படியும் அவர் உள்ளே வருகிறாராம். என்ன செய்யலாம்? — வாசகி, நல்லூர்

பதில்: அக்கா, நீங்கள் மாற்றியது வேறு பூட்டு. வைஃபை பாஸ்வேர்ட் முற்றத்துக்கு வருவதற்கு. ரவுட்டருக்குள் போகும் அட்மின் பாஸ்வேர்ட் அறைக்குள் வருவதற்கு. அதைத் தவிர மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: அவர் தன்னுடைய மின்னஞ்சலில் தயாரிப்பாளரின் சேர்வரில் ஒரு கிளவுட் கணக்குத் திறந்து அதில்தான் உங்கள் பெட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்திருப்பார். வீட்டில் இருந்தே நிப்பாட்டுவேன் என்கிறார் என்றால் பெரும்பாலும் அந்த வழியால்தான்.

செய்யவேண்டியது இது. முதலில் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் கைவைக்கவேண்டாம். அது இணையம் தரும் நிறுவனத்தினுடையது. அதை ரீசெட் பண்ணினால் அவர்கள் போட்ட செற்றிங் எல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை விடுதி இருட்டுத்தான். உங்களுடைய ரவுட்டரில் இணைப்புக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டிருந்தால், அவற்றை நிறுவனத்திடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இது கையில் இல்லாமல் ரீசெட் பண்ணப்போய், சனிக்கிழமை பின்னேரம் விருந்தினர் நிற்க நிற்க என்னைத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பிறகு ரவுட்டருக்குப் பின்னால் ஊசி போகும் சின்னத் துளை இருக்கும். பெட்டி ஒன்னில் இருக்கும்போதே பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே விட்டு 10 செக்கன், விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னும்வரை அழுத்துங்கள். மூன்று அக்செஸ் பொயின்ட்டுக்கும் இதேபோல். அதன் பிறகு விடுதியின் பெயரில் ஒரு புது மின்னஞ்சல் திறந்து, அதில் புதுக் கணக்கு, புது அட்மின் பாஸ்வேர்ட். உங்கள் தனி மின்னஞ்சல் வேண்டாம், விடுதியின் பெயரில். நாளைக்கு வேலைக்கு வைக்கிறவருக்கும் அந்தக் கணக்கில் துணை அனுமதி மட்டும் கொடுங்கள். விலகும்போது அதை நீக்குவது ஒரு நிமிட வேலை. சில தயாரிப்புகளில் ரீசெட் பண்ணினாலும் பெட்டி பழைய கணக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படியானால் வாங்கிய பில்லோடு தயாரிப்பாளருக்கு எழுதவேண்டும். பில்லை எறிந்துவிடவில்லையே?

விருந்தினருக்கு வேறு வைஃபை பெயர் இருக்கட்டும். அதில் இருந்து ரவுட்டரின் பக்கம் திறக்காதபடி தடுத்துவையுங்கள். உங்கள் அறையில் தங்கும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை பொழுதுபோகாமல் 192.168.0.1 அடித்து, அட்மின் அட்மின் போட்டுப் பார்க்காது என்று நினைக்கவேண்டாம். நான் கட்டுநாயக்காவுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியபோது பார்த்தேன், திறந்தது. காலையில் வரவேற்பறையில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். 'இனி உங்களுக்கு அனுமதி இல்லை' என்று அவருக்கு எழுத்தில் அனுப்பி வையுங்கள். ஆனால் அக்கா, அவருக்குக் கொடுக்கவேண்டிய கூலி உண்மையிலேயே பாக்கி என்றால் அதையும் கொடுத்துவிடுங்கள். மூன்று அக்செஸ் பொயின்ட்டுக்குக் கூரைக்குள் வயர் இழுப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: வேலணையில் தனியார் கல்வி நிலையம் நடத்துகிறோம். ஊர்காவற்றுறைக் கிளைக்கு 5 கிகாஹேர்ட்ஸ் வானொலி இணைப்பு ஒன்று போடப் போகிறோம். அங்கே கம்பத்தில் ஏறுவதற்கு ஆள் இல்லை. அந்தப் பக்கப் பெட்டியை இங்கிருந்தே பராமரிப்பதற்கு என்ன செய்துவைக்கவேண்டும்? — வாசகர், வேலணை

பதில்: ஐயா, இதற்கு என் சொந்த வெட்கக்கேட்டைச் சொன்னால்தான் விளங்கும்.

சில வருஷத்துக்கு முதல் ஒருவருக்குப் புங்குடுதீவுக் கரையில் இருந்து நயினாதீவுக்கு இப்படி ஓர் இணைப்புப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் மைக்ரோடிக் நிறுவனத்தின் வானொலிப் பெட்டி. கடல்தான் நடுவில், பனை மரம் ஒன்றும் மறைக்காது, அருமையாக ஓடியது. ஒருநாள் பின்னேரம் கடையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு நயினாதீவுப் பெட்டிக்குள் போனேன். பாவிக்காத ஈதர்நெட் (வயர் கொழுவும்) துளை ஒன்றை நிறுத்திவைக்க நினைத்தேன். வின்பொக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளில் ஒரு வரியைத் தெரிவுசெய்து, மேலே இருக்கும் சிவப்புப் புள்ளடியை அமத்தினால் அது நின்றுவிடும். அமத்தினேன். நான் தெரிவுசெய்திருந்தது ஈதர்நெட் வரியை அல்ல, அதற்கு மேலே இருந்த வயர்லெஸ் வரியை. நான் உள்ளே போன பாதையே அதுதான். திரை அப்படியே உறைந்து நின்றது. நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பை வெட்டுகிறவனைப் பற்றி சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அவன் நான்தான் என்று அன்று தெரிந்தது.

உடனே நயினாதீவில் உள்ளவருக்குப் போன் எடுத்து, 'கறண்டை நிப்பாட்டிப் போடுங்கோ அண்ணை' என்றேன். போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. மைக்ரோடிக்கில் மாற்றம் செய்த கணமே அது உள்ளே பதிந்துவிடும், கறண்டை நூறு தரம் நிப்பாட்டினாலும் பழையபடி வராது. அடுத்தநாள் விடிய குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து படகு, பிறகு ஏணி. லப்டொப்பை வயரால் கொழுவி, அந்த வரியில் நீலச் சரி அடையாளத்தை அமத்தினேன். பத்து செக்கன் வேலை. கோயிலுக்கு வந்த சனத்தோடு திரும்பிவரப் பின்னேரமாகிவிட்டது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்பது மட்டும்தான் லாபம்.

அந்தப் பெட்டியில் 'சேஃப் மோட்' என்று ஒரு பட்டன் வின்பொக்ஸின் மேல் மூலையிலேயே இருக்கிறது. அதை அமத்திவிட்டு வேலை செய்தால், இடையில் இணைப்பு அறுந்ததும் கொஞ்ச நேரத்தில் செய்த மாற்றம் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். வேலை முடிந்து எல்லாம் சரி என்று கண்டபிறகு பட்டனை விடுவித்தால் அப்போதுதான் நிலைக்கும். இப்போது என் கடைப் பையன்களுக்கு முதல் நாளே காட்டுவது இதைத்தான். யூபிகுவிட்டியின் வானொலிப் பெட்டிகளில் இதற்குச் சமமாக 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமத்தி, சில நிமிடத்துக்குள் 'சரி' என்று உறுதிப்படுத்தாவிட்டால் பழையபடி போய்விடும். நீங்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும், விலை கேட்பதற்கு முதல், இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னும் சில விஷயம். அலைவரிசையையோ இணைப்பின் கடவுச்சொல்லையோ மாற்றும்போது எப்போதும் ஊர்காவற்றுறைப் பெட்டியை முதலில் மாற்றுங்கள், பிறகு வேலணை. தூரப் பெட்டியை மாற்றியதும் இணைப்பு அறும், பயப்படவேண்டாம். பக்கத்தில் இருப்பதையும் மாற்றினால் திரும்பக் கைகோர்க்கும். மாறிச் செய்தால் தூரப் பெட்டிக்குப் போக வழி இல்லாமல் நிற்பீர்கள். பக்கத்துப் பெட்டியைப் பழையபடி வைத்துத்தான் தப்பலாம். ஆனால் மாற்றியதைச் சரியாக எழுதி வைத்திருக்கவேண்டும். எழுதிவைக்கிறவர் எங்களில் எத்தனை பேர்?

இரண்டு பெட்டியின் நிர்வாகக் கதவும் உங்கள் உள் வலையமைப்பில் இருந்து மட்டும் திறக்கும்படி வையுங்கள். வின்பொக்ஸ் பாவிக்கும் 8291 என்ற கதவில் 2018 இல் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் மாதக்கணக்காக மென்பொருளைப் புதுப்பிக்காமல், கதவையும் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த பெட்டிகள் லட்சக்கணக்கில் பிடிபட்டன. உலகம் முழுவதும் அவற்றின் வழியாகப் போன வலைப்பக்கங்களில் டிஜிட்டல் நாணயம் தோண்டும் நிரலைச் செருகினார்கள். வெளியில் இருந்து உங்களுக்கு உள்ளே போகவேண்டுமானால் மைக்ரோடிக்கின் 7 ஆம் பதிப்பில் வயர்காட் உள்ளேயே இருக்கிறது. வேலணையில் நேரடி ஐ.பி. இருந்தால் அதைப் பாவியுங்கள், ரொறன்ரோத் தம்பிக்குச் சொன்ன வழியும் சரிவரும்.

உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். தீவுப் பக்கம் நான் கழற்றிப் பார்த்த வயர் முனைகளில் பலதும் பச்சை பிடித்திருந்தன. வெளியில் போடும் வகை வயர், முனைக்கு ரப்பர் மூடி, அதற்கு மேல் நீர் புகாத ரேப். இல்லாவிட்டால் சேஃப் மோட் இருந்தும் ஏணி ஏறத்தான் வேண்டும்.

கேள்வி: உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்தில் சிம் ரவுட்டரும் கமராவும் வைத்திருக்கிறேன். ரவுட்டர் அடிக்கடி இறுகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சைக்கிள் எடுத்து ஓடவேண்டியிருக்கிறது. — விவசாயி, உரும்பிராய்

பதில்: அண்ணை, கிழமைக்கு எத்தனை தரம் இறுகுகிறது என்று எழுதவில்லை. ஒன்றிரண்டு தரம் என்றால், சில ரவுட்டர்களில் 'தினமும் இத்தனை மணிக்குத் தானாகத் திரும்பத் தொடக்கு' என்ற செற்றிங் இருக்கும். அதிகாலை 3 மணிக்குப் போட்டுவிடுங்கள். அது இல்லை என்றால் கடையில் விற்கும் நேரம் வைக்கும் பிளக் ஒன்று வாங்கி, இரவில் கால் மணித்தியாலம் கறண்டை வெட்டும்படி வையுங்கள். கள்ளன் அந்தக் கால் மணித்தியாலத்தில் வந்தால் அது அவன் அதிஷ்டம்.

அடிக்கடி இறுகுகிறது என்றால் அடுத்தமுறை வாங்கும்போது தொழிற்சாலைப் பாவனைக்கு என்று வரும் சிம் ரவுட்டரைப் பாருங்கள். அவற்றில் சிலவற்றுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே 'திரும்பத் தொடங்கு' என்று சொல்லலாம். இணையம் இறுகினாலும் எஸ்.எம்.எஸ். போகும். உங்கள் இலக்கத்தில் இருந்து வரும் எஸ்.எம்.எஸ்ஸை மட்டும் ஏற்கும்படி வைக்க மறக்கவேண்டாம்.

இறுகுவதற்கு வெயிலும் காரணமாக இருக்கலாம். தகரப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறீர்களா? தகரம் சூட்டையும் பிடிக்கும், சிக்னலையும் மறைக்கும். வெள்ளை பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, நிழல் விழும் பக்கம் கட்டுங்கள். அடியில் காற்றுக்குத் துளை விட்டு, உள்பக்கம் நுளம்பு வலையை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தமுறை திறக்கும்போது பல்லி முட்டையிட்டிருக்கும்.